ரஷ்ய ஹெலிகாப்டர்களிடம் நான் கற்ற தொழில்

1992-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், வடக்கே ஒரு மலையடிவாரத் தளத்தில், விடியற்காலைப் பனியில் நனைந்து நின்ற மி-8 ஹெலிகாப்டரின் மேல் ஏறி, அதன் ஐந்து பிளேடுகளின் அடிப்பகுதியையும் பார்த்துவிட்டு வரும்படி எங்கள் மூத்த சார்ஜென்ட் என்னை அனுப்பினார். இந்திய விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது ஹெலிகாப்டரின் உடற்பகுதியைப் பராமரிப்பவனாகச் சேர்ந்து எனக்கு அப்போது இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. ஒவ்வொரு பிளேடின் உள்ளேயும் நீளவாக்கில் ஓடும் அலுமினியக் கூடு உட்குழிவானது; அதற்குள் காற்றை அழுத்தி நிரப்பி வைத்திருப்பார்கள். பிளேடின் அடியில் சிறு கண்ணாடிக் குமிழ் போல ஒரு காட்டி இருக்கும். கூட்டில் எங்கேனும் வெடிப்பு விழுந்தால் காற்று கசியும், அழுத்தம் குறையும், குமிழுக்குள் சிவப்பு வளையம் எட்டிப் பார்க்கும். அன்று மூன்றாவது பிளேடில் அந்தச் சிவப்பு தெரிந்தது.

நான் செய்தது இதுதான்: கைப்பம்பை எடுத்து வந்து காற்றை ஏற்றினேன், சிவப்பு மறைந்தது, இறங்கி வந்து "எல்லாம் சரி சார்" என்றேன். அவர் பம்பு இருந்த பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எவ்வளவு ஏற்றினாய், எந்த நேரத்தில் ஏற்றினாய், எங்கே எழுதினாய்?" என்று கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அந்த ஹெலிகாப்டர் அன்று பறக்கவில்லை. 24 மணி நேரம் அந்தப் பிளேடைக் காவல் காத்தோம். சிவப்பு திரும்ப வரவில்லை. சமவெளியின் வெயிலில் நிரப்பிய காற்று மலைக் குளிரில் சுருங்கியதால் ஏற்பட்ட குறைவு அது என்பது அட்டவணையைப் பார்த்தபோது உறுதியானது. ஆனால் குளிரால் வந்த சிவப்பும் வெடிப்பால் வந்த சிவப்பும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஏற்றிய அழுத்தத்தையும் அப்போதைய வெப்பநிலையையும் எழுதி வைத்து, காத்திருந்து, மறுபடி பார்ப்பதைத் தவிர இரண்டையும் பிரித்தறிய வேறு வழி இல்லை. என் பணிக்காலம் முழுவதும் நான் இளையவர்களுக்குச் சொன்ன முதல் பாடம் இது: காற்று ஏற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது, அது ஒரு கேள்வியைத் தொடங்கி வைப்பது மட்டுமே.

அந்தச் சிறு குமிழ் ஏன் அங்கே வந்தது என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்குப் புரிந்தது. சோவியத் ஹெலிகாப்டர்களின் முதல் தலைமுறையில் பிளேடுகள் எஃகுக் குழாயைச் சுற்றி மரச்சட்டங்களும் துணியும் கொண்டு செய்யப்பட்டவை. ஈரத்தில் எடை கூடும், வெயிலில் வடிவம் மாறும், ஆயுளும் மிகக் குறைவு. பிளேடின் ஆயுளை நீட்டுவதே மிகயீல் மில் தலைமையிலான வடிவமைப்புக் குழுவுக்கு 1950-களில் பெரிய போராட்டமாக இருந்தது. அலுமினியத்தை அச்சின் வழியே அழுத்தி வெளியெடுத்துச் செய்த முழு உலோகப் பிளேடுகளுக்கு அவர்கள் மாறிய பிறகு, உலோகச் சோர்வால் விழும் வெடிப்பு என்ற புதிய எதிரி வந்தது. எக்ஸ்-ரே கருவியோ பெரிய ஹேங்கரோ இல்லாத சைபீரியப் பனிவெளியில் ஒரு மெக்கானிக் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்? அதற்கு விடையாக வந்ததுதான் காற்றும் கண்ணாடியும் சிவப்பு வளையமும். தரையில் நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும். இந்த ஹெலிகாப்டர்களின் பல பகுதிகளை நான் விளங்கிக்கொண்டது இந்த ஒரு சாவியால்தான்: எதைப் பார்த்தாலும், 'வெட்டவெளியில் தனியாக நிற்கும் ஒரு மெக்கானிக்குக்காக இதை எப்படி யோசித்திருப்பார்கள்?' என்று கேட்டுக்கொள்வேன்.

இந்த எண்ணத்துக்கு வேர், வரலாற்றில் சற்றுப் பின்னால் இருக்கிறது. பிளேடுகளின் சாய்வைச் சுழற்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் மாற்றிக் கட்டுப்படுத்தும் சுவாஷ்பிளேட் அமைப்பை மாஸ்கோவில் பரீஸ் யூரியெவ் 1911-இலேயே வகுத்துவிட்டார். 1932 ஆகஸ்டில் அலெக்சேய் செரியோமூகின், தாமே வடிவமைப்பில் முன்னின்ற 1-ஈஏ என்ற எந்திரத்தைத் தாமே ஓட்டி 605 மீட்டர் உயரம் ஏறினார். ஆனால் தொழிலாக இது வளர்ந்தது மில், நிக்கொலாய் கமோவ் என்ற இருவரின் கையில். இருவருமே சைபீரியாவின் இர்கூத்ஸ்க் நகரத்தில் பிறந்தவர்கள். கமோவ் 1902-இலும் மில் 1909-இலும். ஹெலிகாப்டருக்கு ரஷ்ய மொழியில் இன்று வழங்கும் 'வெர்தல்யோத்' என்ற சொல்லை உருவாக்கியவராகக் கமோவைச் சொல்வார்கள். சுழல்வது, பறப்பது என்ற இரு சொற்களின் இணைப்பு அது. மில் தம் முதல் எந்திரத்துக்கு ஜிஎம்-1 என்று பெயரிட்டபோது 'கெலிகாப்தெர்' என்ற பழைய சொல்லே வழக்கில் இருந்தது. இருவரும் முதலில் ஆட்டோஜைரோக்களில் சேர்ந்து உழைத்தவர்கள். மேலே உள்ள பிளேடுகளை இன்ஜின் சுழற்றாமல், எதிர்க்காற்றே சுழற்றும் எந்திரம் அது. மில் சில காலம் கமோவின் துணை வடிவமைப்பாளராகவும் இருந்தார். 1941-இல் ஏ-7 வகை ஆட்டோஜைரோக்கள் போர்முனைக்கே சென்றன. புல்வெளியில் இறங்கி, புல்வெளியிலேயே பழுதுபார்க்கப்படும் எந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்பது அந்தத் தலைமுறைக்குப் பட்டறிவு.

மில்லின் தனி வடிவமைப்புப் பணியகம் 1947 டிசம்பரில் தொடங்கியது. ஜிஎம்-1 என்று தொடங்கி மி-1 ஆன மூன்று பேர் அமரும் எந்திரம் அடுத்த ஆண்டே பறந்தது. பிறகு கொரியப் போரில் அமெரிக்கர்கள் ஹெலிகாப்டர்களைப் பயன்படுத்திய விதம் ஸ்டாலினின் கவனத்துக்கு வந்தது. 1951 இலையுதிர் காலத்தில் வடிவமைப்பாளர்களை கிரெம்ளினுக்கு அழைத்து, ஓராண்டுக்குள் பெரிய ஹெலிகாப்டர் வேண்டும் என்றார்கள். மில் ஒற்றை ரோட்டர் (பிளேடுகள் சுழலும் விசிறி) கொண்ட மி-4-ஐ எடுத்துக்கொண்டார். அலெக்சாந்தர் யாக்கவ்லெவ் முன்னும் பின்னுமாக இரண்டு ரோட்டர்கள் கொண்ட யாக்-24-ஐ எடுத்துக்கொண்டார். இரண்டும் 1952-இல் பறந்தன. யாக்-24-இன் உடலை உலுக்கிய அதிர்வுக்குக் காரணம் தெரியாமல் திண்டாடி, கடைசியில் பிளேடுகளை அரை மீட்டர் வெட்டிச் சிறிதாக்கியதும் அதிர்வு அடங்கியதாகச் சொல்வார்கள். ஹேங்கரில் ஏதாவது அதிர்வுக்குக் காரணம் தேடி அலைந்த நாள்களில் இந்தக் கதை எனக்கு ஆறுதல்.

மி-4 ஹெலிகாப்டரை நான் பணியில் பார்த்ததில்லை. எங்கள் மூத்தவர்கள் பார்த்தார்கள். 1971 டிசம்பரில் மேக்னா ஆற்றைத் தாண்டி இந்தியப் படைகளைக் கொண்டு சேர்த்தவை இந்திய விமானப்படையின் மி-4 ஹெலிகாப்டர்கள்தாம். அதன் பிஸ்டன் இன்ஜின், போர் விமானங்களில் ஓடிய ஏஎஸ்ஹெச்-82 குடும்பத்தைச் சேர்ந்தது. மூக்குப் பகுதியில் இருந்தது. விமானிகள் அதற்கு மேலே, ஏணி வைத்து ஏறும் உயரத்தில் அமர்ந்தார்கள். பின்பக்கம் இரட்டைக் கதவு போலத் திறந்துகொள்ளும். ஜீப் போன்ற ஒரு வண்டியை உள்ளே ஓட்டிச் செல்லலாம். மி-8-ஐத் தொடங்கியபோது, மி-4 போதும் என்று மேலிடம் நினைத்ததால், அதை 'மி-4-இன் மேம்பாடு' என்று சொல்லியே மில் ஒப்புதல் வாங்கினார். 1961 ஜூனில் பறந்த முதல் முன்மாதிரியில் மி-4-இன் நான்கு பிளேடு ரோட்டர்தான் சுழன்றது, ஒரே ஒரு டர்பைன் இன்ஜின்தான் இருந்தது. மறு ஆண்டு இரட்டை இன்ஜின் வந்தது, ரோட்டரும் ஐந்து பிளேடு ஆனது. 1960-களின் நடுவில் ரஷ்யாவின் கசான் நகரத்தில் தொடர் உற்பத்தி தொடங்கியது. 1970 முதல் உலான்-உதேயிலும் தொடங்கியது. இன்றுவரை இந்தக் குடும்பத்தில் 12,000-க்கும் மேற்பட்டவை உருவாகியிருக்கின்றன.

இன்ஜினை மூக்கிலிருந்து கூரைக்கு மாற்றியதை வரைபடத்தில் பார்த்தால் சாதாரண மாற்றமாகத் தெரியும். அதில் வேலை செய்தவனுக்குத்தான் அருமை தெரியும். விமானி அறை கீழே இறங்கியது. அறையின் கூரையில் ஒரு திறப்பு வழியாக மெக்கானிக் மேலே ஏறிக்கொள்ளலாம். இன்ஜின் மூடிகளைத் திறந்து கீழ்நோக்கி மடக்கினால் அவையே நின்று வேலை செய்யும் மேடைகள் ஆகிவிடும். ஏணியும் சாரமும் இல்லாத ஆற்றுமணலில் இறங்கி, அந்த மூடியின் மேல் நின்று எண்ணெய்க் குழாய் ஒன்றை நான் மாற்றியிருக்கிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கை: பனி படிந்த மூடி சோப்பு போட்ட கல் மாதிரி வழுக்கும். எங்கள் பிரிவில் நடந்த காயங்களில் பெரும்பாலானவை சுழலும் ரோட்டரால் வந்தவை அல்ல, இந்த மேடையிலிருந்து விழுந்தவை. பனிக்காலத்தில் முதலில் கோணித்துணியை விரித்துவிட்டு ஏறுவதை நான் பழக்கமாக்கிக்கொண்டேன்.

அடுத்த பாடம் எழுத்து. பணியில் சேர்ந்த முதல் ஆறு மாதத்தில் ரஷ்ய எழுத்துகள் 33-ஐயும் ஒரு பழைய நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். அதைவிடப் பயன் தந்த முதலீடு என் தொழில் வாழ்க்கையில் வேறொன்றில்லை. ஆங்கில மொழிபெயர்ப்புக் கையேடுகள் இருந்தன. ஆனால் உதிரிபாகத்தின் மேல் பொறித்த எண்ணும் சுருக்கெழுத்தும் ரஷ்ய எழுத்தில்தான் இருக்கும். அந்த மொழியில் ஆங்கில 'B' போலத் தெரிவது 'வ', 'H' போலத் தெரிவது 'ந', 'P' என்று வாசிக்கத் தோன்றும் இன்னொன்று 'ர'. ஆங்கில எழுத்தாக நினைத்துப் படித்துவிட்டுக் கிடங்குக்குப் போனால் தவறான பாகம் வரும். இரண்டு பாகங்களும் வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே இருக்கும்.

அதோடு சேர்ந்தது 'ஃபார்முலியார்'. ஹெலிகாப்டருக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று என்று ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும் ஆலையிலிருந்து வரும் தனிப் பதிவேடு அது. நம் ஊர் நிலத்துக்குத் தாய்ப்பத்திரம் போல. அந்தப் பாகம் எத்தனை மணி நேரம் ஓடலாம், எத்தனை ஆண்டு இருக்கலாம் என்ற இரண்டு வரம்புகளும் அதில் இருக்கும். இந்த வரம்பை ரஷ்யர்கள் 'ரெசூர்ஸ்' என்பார்கள். பாகத்தின் நிலைமையைப் பார்த்து முடிவு செய்வதைவிட, குறித்த நாள் வந்ததும் கழற்றி ஆலைக்கு அனுப்பு என்பதே பழைய சோவியத் முறை. பதிவேடு தொலைந்தால் பாகம் புத்தம் புதியதாக இருந்தாலும் பழைய இரும்புதான். ஒருமுறை மழையில் நனைந்த பதிவேடு ஒன்றை இரண்டு நாள் தாள் தாளாக உலர்த்தி எடுத்தோம். அதன்பிறகு நான் ஒவ்வொரு பக்கத்தையும் பிரதி எடுத்துத் தனி இடத்தில் வைக்கத் தொடங்கினேன். இந்த முறையில் வீண்செலவு உண்டு என்பதே என் கருத்து. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கியர்பாக்ஸ்களை நாள்காட்டிக்காகக் கழற்றியிருக்கிறோம். ஆயினும் அனுபவமில்லாத கைகள் அதிகமாகவும் கருவிகள் குறைவாகவும் இருக்கும் இடத்தில், அந்தக் கண்டிப்புதான் உயிர்களைக் காத்தது.

1999-இல் ஃப்ளைட் இன்ஜினியர் பயிற்சி முடித்து, இரண்டு விமானிகளுக்கும் நடுவே இருக்கும் மடக்கு இருக்கைக்கு வந்தேன். ரஷ்ய ஹெலிகாப்டர்களில் தலைமை விமானி இடப்பக்கம் அமர்வார். வேகம் மணிக்குக் கிலோமீட்டரில், உயரம் மீட்டரில், எண்ணெய் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குக் கிலோகிராமில். கட்டுப்பாட்டுக் கோபுரம் பேசுவதோ அடிக் கணக்கில். மேகத்துக்குள் நுழையும் நேரத்தில் மனக்கணக்குப் போடுவது ஆபத்து என்பதால், அடியையும் மீட்டரையும் பக்கம் பக்கமாக எழுதிய சிறு அட்டையைக் கருவிப்பலகையில் ஒட்டிவைத்தோம். செயற்கைத் தொடுவானக் கருவியும் வேறு விதம்: மேற்கத்தியக் கருவியில் தொடுவானக் கோடு சாயும், பழைய ரஷ்யக் கருவியில் சிறு விமான உருவம் சாயும். வேறு வகையில் பழகிய விமானிகள் வரும்போது, முதல் மேகப் பயணத்துக்கு முன் தரையிலேயே இதைப் பலமுறை சொல்லிக்காட்டுவது எங்கள் வழக்கம்.

பிறகு மி-17-க்கு மாறினேன். இதன் பிறப்பு ஒரு வட்டம். மில் தம் கடைசி ஆண்டுகளில், வீரர்களை ஏற்றிக்கொண்டே சண்டையும் போடும் ஹெலிகாப்டர் என்று மி-24-ஐக் கற்பனை செய்து, மி-8-இன் இயக்கப் பாகங்களிலிருந்து அதைத் தொடங்கினார். அது 1969 செப்டம்பரில் பறந்தது. 1970 ஜனவரியில் அவர் காலமானார். மி-24-க்காக டிவி3-117 என்ற வலுவான இன்ஜின் வளர்ந்தது, பின் ரோட்டர் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாறியது. பிறகு அந்த இன்ஜினும் அந்தப் பின் ரோட்டர் அமைப்பும் மி-8-இன் உடலுக்கே திரும்பி வந்து 1975-இல் மி-8எம்டி ஆனது. ஏற்றுமதிப் பெயர் மி-17. தூரத்தில் நிற்பது மி-8-ஆ மி-17-ஆ என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் எளிய அடையாளம் இது: வாலில் சிறு ரோட்டர் வலப்பக்கம் இருந்தால் பழையது, இடப்பக்கம் இருந்தால் புதியது.

மி-24 குடும்பத்தை ரஷ்ய வீரர்கள் 'முதலை' என்று அழைத்தார்கள். அதன் ஏற்றுமதி வடிவம் அமைதிப்படைக் காலத்திலும், பின்னர் இலங்கை விமானப்படையிடமும் வட இலங்கையின் வானில் பறந்தது. அதன் கியர்பாக்ஸைப் பாராட்டி நான் பேசிக்கொண்டிருந்த ஒரு திருமண வீட்டில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் மெல்ல எழுந்து வெளியே போனார். காரணம் எனக்கு வெகுநேரம் கழித்தே உறைத்தது.

உயரமான மலைகளில் மி-17 எனக்குக் கற்றுத் தந்தது எடையின் கணக்கை. காற்று மெலிந்த இடத்தில் இன்ஜினின் வலுவும் குறையும், பிளேடின் தூக்கும் திறனும் குறையும். ரஷ்யப் பயிற்சியில் 'கட்டுப்பாட்டு மிதப்பு' என்ற வழக்கத்தை வலியுறுத்துவார்கள்: புறப்படும் முன், தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில் நிறுத்திப் பிடித்து, இன்ஜின் எவ்வளவு உழைக்கிறது, இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, மூக்கு எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்ப்பது. சுமையேற்றுபவர்கள் எழுதித்தரும் எடைச்சீட்டு பொய் சொல்லலாம்; மிதப்பு பொய் சொல்லாது. ஒரு மாலை, சீட்டின்படி எல்லாம் வரம்புக்குள் இருந்தது, ஆனால் மிதப்பில் மிச்சமே தெரியவில்லை. இறங்கிப் பார்த்தபோது, மேல்முகாமில் இருப்பவர்களுக்கென்று யாரோ அன்போடு ஏற்றிவிட்டிருந்த மண்ணெண்ணெய் டின்கள் இருக்கைகளுக்கு அடியில் வரிசையாக இருந்தன.

இன்னொரு பாடம் காதால் கற்றது. வலுவை மீறித் தூக்க முயன்றால் இன்ஜின் அதன் எல்லையைத் தொடும், ரோட்டரின் சுற்று குறையத் தொடங்கும், அதன் ஓசை தடித்து இறங்கும். அந்த நேரத்தில் இயல்பாகக் கை மேலும் தூக்கத்தான் முயலும். அப்படித் தூக்கினால் சுற்று இன்னும் விழும், பின் ரோட்டரும் அதோடு சேர்ந்து வலுவிழந்து வால் திரும்பும். பிளேடுகளின் சாய்வை ஒருசேர மாற்றும் தூக்குபிடியைச் சற்றே தாழ்த்திச் சுற்றை மீட்பதே வழி. நடு இருக்கையில் இருப்பவன் ரோட்டர் சுற்றின் எண்ணை மட்டும் உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், 'ஆபத்து' என்று கத்தக் கூடாது என்று நாங்கள் விதி வைத்திருந்தோம். எண் தெரிந்தால் விமானி கையை நிதானப்படுத்துவார்.

தூசியும் அப்படித்தான். இன்ஜினின் வாயில் காளான் போன்று உருண்டையாக ஒரு தடுப்பு இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் இருந்த ஆண்டுகளில், மணல் கம்ப்ரசர் பிளேடுகளை அரம் போட்டதுபோலத் தேய்த்ததால் இந்தத் தடுப்பு பரவலாகப் பொருத்தப்பட்டது. அது காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரித்து வெளியே தள்ளுகிறது. அதற்கு இன்ஜினிலிருந்தே காற்றை எடுத்துக்கொள்கிறது. ஆகையால் அதை இயக்கினால் வலு கொஞ்சம் குறையும். சமவெளிப் புழுதித் திடலில் புறப்படும்போது இயக்கிவிட்டு, அணைக்க மறந்து, 4,000 மீட்டருக்கு மேல் இறங்கப் போனால், தேவையான கடைசிப் பிடி வலு அங்கே இருக்காது. அந்தத் தவறை நான் ஒருமுறை செய்தேன். விமானி இறங்காமல் சுற்றிப் போனதால் தப்பினோம். அதன்பின் இறங்குமுன் சரிபார்க்கும் என் பட்டியலில் அதுவே முதல் வரி ஆனது.

2011-இல், மி-17-இன் புதிய வடிவமான வி5 வகைக்கான பயிற்சிக்காக நான் கசானுக்குப் போனேன். வகுப்பில் மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் பேச்சு. ஆனால் எந்திரத்தின் முன் நின்றுவிட்டால் எங்களுக்குள் மொழி தேவைப்படவில்லை. புதியதில் கருவிப்பலகை திரைகளாக மாறியிருந்தது, பின்கதவுக்குப் பதிலாகச் சாய்தளம் வந்திருந்தது. மூடியைத் திறந்து மடக்கினால் அதே மேடை. பிளேடின் அடியைப் பார்த்தால் அதே குமிழ். விடுமுறை நாளில் இரவு ரயிலேறி மாஸ்கோவுக்குப் போய், அங்கிருந்து கிழக்கே இருக்கும் மோனினோ விமானப்படை அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். திறந்தவெளியில், புல்லுக்கு நடுவே, நான் பதிவேடுகளில் மட்டும் படித்த மூதாதையர்கள் நின்றார்கள்.

மி-6-இன் கீழே நான் நின்ற நேரம் அதிகம். 1957-இல் பறந்த அதன் ரோட்டரின் குறுக்களவு 35 மீட்டர். இரண்டு டர்பைன்கள், ஒவ்வொன்றும் 5,500 குதிரைத்திறன். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் ஹெலிகாப்டர் அதுவே. பிஸ்டன் இன்ஜின் காலத்திலிருந்து ஒரே தாவலில் அங்கே போனதற்குக் காரணம் இன்ஜினைவிடக் கியர்பாக்ஸ்தான் என்பது என் எண்ணம். டர்பைன் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுவதை, ரோட்டருக்கு ஏற்றபடி நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 சுற்றாகக் குறைத்து, அத்தனை வலுவையும் ஒரே தண்டில் ஏற்ற வேண்டும். அதைச் செய்து காட்டிய பிறகு சோவியத் வடிவமைப்பாளர்களுக்குப் பெரிய அளவு பயமாகத் தெரியவில்லை.

பயம் போனதன் விளைவு சற்றுத் தள்ளி நின்றது: வி-12. மி-6-இன் இயக்க அமைப்பை இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 67 மீட்டர். 1969 ஆகஸ்டில் 44,205 கிலோகிராம் சுமையை 2,255 மீட்டர் உயரத்துக்குத் தூக்கியது; அந்தச் சாதனையை இன்றுவரை எதுவும் முறியடிக்கவில்லை. ஏவுகணைகளைச் சாலை இல்லாத இடங்களுக்குக் கொண்டுசெல்லவே அதைக் கட்டினார்கள். அது தயாராவதற்குள் அந்தத் தேவையே மறைந்துவிட்டது. மொத்தம் கட்டியது இரண்டுதான். அதன் சக்கரத்தின் பக்கத்தில் நின்றபோது, நன்றாக வேலை செய்த ஓர் எந்திரமும் வேலையில்லாமல் போகலாம் என்று தோன்றியது. அதைத் தட்டிப் பார்க்க எனக்குக் கை வரவில்லை.

மில்லுக்குப் பின் வந்த மராத் திஷென்கோ வேறு வழியில் யோசித்தார். 1977 டிசம்பரில் பறந்த மி-26-இன் ரோட்டர் மி-6-ஐவிடச் சிறியது, 32 மீட்டர். ஆனால் பிளேடுகள் எட்டு. எஃகுத் தண்டின் மேல் கண்ணாடியிழைப் போர்வை, டைட்டானியத்தால் ஆன மையம், ஒவ்வொன்றும் 11,400 குதிரைத்திறன் கொண்ட இரண்டு இன்ஜின்கள். 20 டன் சுமையைத் தூக்கும். செர்னோபிலில் மணலும் ஈயமும் கொட்டப் போனவற்றில் இதுவும் உண்டு. 1999-இல் சைபீரியாவின் உறைமண்ணோடு சேர்த்து வெட்டியெடுத்த 23 டன் மாமத யானைக் கட்டியைத் தூக்கிச் சென்றதும் இதுதான். சண்டிகரில் இருந்த மி-26 ஒன்றின் சரக்கறைக்குள் முதல்முறை நுழைந்தபோது, எங்கள் மி-17-ஐயே இதற்குள் வைக்கலாம் போலிருக்கிறதே என்று சொன்னேன். அதன் மெக்கானிக் சிரிக்கவில்லை. எட்டு பிளேடுகளுக்கும் கீல், தணிப்பான், எண்ணெய் என்று அவருடைய காலை வேலை என்னுடையதைவிடப் பல மடங்கு என்பதை அவர் முகம் சொன்னது.

கமோவின் எந்திரங்களில் நான் வேலை செய்ததில்லை என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு ரோட்டர்கள் இருப்பதால் வால் ரோட்டர் தேவையில்லை, உடல் குட்டையாகிறது, கப்பலின் சிறு தளத்துக்கு ஏற்றது. 1947-இன் கா-8 பறக்கும் மோட்டார் சைக்கிள் போலவே இருக்கும். அங்கிருந்து கா-25, கா-27 என்று கடற்படைக்கும், கா-26 என்று வயலில் மருந்து தெளிக்கவும், கா-32 என்று காட்டுத்தீ அணைக்கவும் கிளை பரவியது. 1982-இல் பறந்த கா-50-இல் விமானி ஒருவர்தான். ஆபத்தில் முதலில் பிளேடுகள் வெடித்துப் பிரியும், பிறகு இருக்கை அவரை மேலே இழுத்துச் செல்லும். 2020-இல் மில், கமோவ் இரண்டு பணியகங்களும் ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டன. இர்கூத்ஸ்க்காரர்கள் இருவரும் மறுபடி ஒரே கூரையின் கீழ்.

பொதுப் பயன்பாட்டுப் பக்கம் இந்த மரபின் பலவீனமும் தெரியும். மேற்குச் சைபீரிய எண்ணெய் வயல்களை மி-8 இல்லாமல் தோண்டியிருக்க முடியாது, ஐ.நா. பணிகளில் உலகெங்கும் வெள்ளை வண்ணத்தில் அதையே பார்க்கலாம். ஆனால் காதைத் துளைக்கும் இரைச்சலும், உடலை உலுக்கும் அதிர்வும், எரிபொருள் பசியும் பயணிகளுக்கு ஏற்றவை அல்ல. சிறிய வகைகள் நெடுங்காலம் பின்தங்கின. மி-2-இன் உற்பத்தி முழுவதையும் போலந்தின் ஸ்வித்னிக் ஆலைக்கே கொடுத்திருந்தார்கள். கசானில் கட்டப்படும் அன்சாத் என்ற சிறு ஹெலிகாப்டர், கம்பிவழி மின்கட்டுப்பாட்டோடு தொடங்கி, பயணிகள் சேவைக்கான சான்றிதழுக்காகப் பழைய ஹைட்ராலிக் முறைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. 2003-இல் பறந்த மி-38, மி-8-இன் வாரிசாக எண்ணப்பட்டும், இன்னமும் அந்த இடத்தைப் பிடிக்கவில்லை.

உதிரிபாகங்களைப் பற்றி ஒன்று. சோவியத் காலத்தில் வடிவமைப்பு மாஸ்கோ அருகே, ஹெலிகாப்டர் உற்பத்தி கசானிலும் உலான்-உதேயிலும் ரஸ்தோவிலும், இன்ஜின் உற்பத்தி உக்ரைனின் சப்பரோஷியாவில் என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஒரே நாடாக இருந்தவரை அது எல்லையாகத் தெரியவில்லை. 2014-க்குப் பிறகு அந்த எல்லை உண்மையானபோது, ரஷ்யா விகே-2500 இன்ஜினைப் பீட்டர்ஸ்பர்க்கில் தானே கட்டத் தொடங்கியது. பணியில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, பதிவேட்டில் இன்ஜின் எந்த ஆலையில் பிறந்தது என்ற பக்கத்தை முதலில் பாருங்கள் என்பதே. அதன் அடுத்த பெரிய பழுதுபார்ப்பு எங்கே, எத்தனை மாதத்தில் முடியும் என்பது அந்த ஒரு வரியில் தொடங்குகிறது. ரெசூர்ஸ் தீருவதற்கு ஆறு மாதம் முன்பு தேடத் தொடங்கினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். நான் ஒன்றரை ஆண்டுக்கு முன்பே பட்டியல் எழுதத் தொடங்குவேன்.

2014-இல் ஓய்வு பெற்றேன். 2017 டிசம்பரில் பெங்களூரு எலகங்காவில் இந்திய விமானப்படையின் மி-8 ஹெலிகாப்டர்களுக்கு விடைகொடுத்தார்கள். அது நடந்து சில வாரங்களுக்குப் பின் பழைய நண்பர் ஒருவர், தம்மிடம் இருந்த பயிற்சிப் பிரதி ஒன்றைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பினார்: 1992 ஜனவரியில், பிளேடு எண் மூன்று, ஏற்றிய அழுத்தம், வெப்பநிலை, நேரம், 24 மணி நேரக் காவல், முடிவு. கையெழுத்து சார்ஜென்டுடையது. கீழே, அவர் என்னைக் கட்டாயப்படுத்திப் போடவைத்த என் கையெழுத்தும் இருந்தது. அதன் பக்கத்தில் பம்பு எண்ணெயின் கறை.